நிப்ராஸ் கேட்ட ஜூரி

அமெரிக்க அரசாங்கப் பாடப்புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். வாக்களிப்பவருக்கு வேட்பாளரைத் தெரியாது. ஜூரியில் இருப்பவருக்குக் கூண்டில் நிற்பவரைத் தெரியாது. பொருளியல் பாகத்திலும் அப்படித்தான். விற்பவரும் வாங்குபவரும் விலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் முன்னால் இருக்கப்போகும் பிள்ளைகள் அப்படிப்பட்ட ஊரில் வளரவில்லை. ஒருத்தியின் மாமா இன்னொருவனின் தகப்பனுக்குப் படகு எஞ்சின் விற்றிருப்பார். அந்த எஞ்சின் மூன்றாம் மாதமே நின்றுபோயிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போங்கள். மற்றதெல்லாம் ஆசிரியர் கைநூலில் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி பாடசாலை அதிபர் கேட்டார். இந்தத் தொழிலை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். தன் பெயரை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் மெடம். நீங்கள் பட்டதாரிகள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கப்பலில் தட்டுக் கழுவினேன், பஹ்ரேனில் சுவருக்குப் பூச்சுப் பூசினேன், கடைசியில் புளோரிடாவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றேன். அங்கே குடியுரிமைப் பரீட்சைக்காக அவர்களுடைய அரசியலமைப்பைப் படித்தேன். முதல் தடவை சித்தியடையவில்லை. அதனால் இரண்டு தடவை படித்தேன். திரும்பி வந்து இந்த ஊரின் லிங்கநகரில் வாடகைக்கு இருந்த காலத்தில், இங்கே இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அமெரிக்க டிப்ளோமாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பாடசாலைக்கு அந்தப் பாடம் இல்லாமல் ஏலாது. ஒரு தவணைக்கு மட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பல வருடம் எடுத்து, போன மாதம்தான் விட்டேன்.

நான் எழுதப்போவது ஒரு வகுப்பைப் பற்றி மட்டும். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு வெளியே போகிற நிலை வந்தது.

அது பொருளியல் பாடத்தில் தொடங்கியது. ஒருவர் செய்யும் தொழிலின் செலவை, அந்தத் தொழிலில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் சுமப்பதைப் பற்றிய அத்தியாயம். புத்தகத்தில் ஒரு தொழிற்சாலைப் புகை, பக்கத்து வீட்டில் உலரும் வெள்ளைத் துணிகளில் படிகிறது. நம் ஊரில் இருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றேன். சல்லியில் இருந்து வரும் தர்சிகா எழுந்தாள். அவளுடைய தகப்பன் கரைவலை இழுப்பவர். கரையில் நின்று ஆட்கள் கூடி இழுக்கும் வலை அது. மீன் கரைக்குக் கிட்ட வந்தால்தான் அதில் விழும்.

"சேர், எங்கட அப்பா விடிய எழும்பி வலை இழுக்கிறார். இழுத்து முடியப் பாத்தா கையில பட்டாக் கடிக்கிற சொறிமுட்டையும் பிளாஸ்டிக் போத்திலும். மீனை வெளியிலயே சுருக்குவலையால வளைச்சு அள்ளிப்போட்டு வாறாங்கள். நீங்கள் எங்களுக்குப் புகையைக் காட்டுறீங்கள்."

"அள்ளுறது ஆரெண்டும் சொல்லன்," என்றான் பின்வரிசையில் இருந்த நிப்ராஸ். கிண்ணியாப் பையன். தகப்பனுக்குச் சுருக்குவலைப் படகு இருந்தது.

"சொல்லத் தேவையில்லை. படகில உங்கட உம்மான்ர பேரைத்தானே பெரிசா எழுதியிருக்கு."

வகுப்பு சிரித்தது. நிப்ராஸும் முதலில் சிரித்தான்.

"எங்கட வாப்பாட்ட பெர்மிட் இருக்கு."

"கரையில இருந்து எவ்வளவு தூரத்துக்கு அங்கால எண்டு பெர்மிட்டில போட்டிருக்கு. வாசிச்சனீயோ?"

"நீ அளந்தனீயா? நாடா புடிச்சுக்கொண்டு கடலுக்குள்ள இறங்கினனீயா?"

"சரி, தூரத்தை விடு. அங்கால வச்சு அள்ளினாலும் எங்களுக்கு வரவேண்டிய மீன்தானே. அந்தச் செலவு ஆரின்ர? புத்தகத்தில இருக்கிறதைத்தான் கேக்கிறன். பதிலைச் சொல்லு."

அவன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். மணி அடித்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நான் தலையிடவில்லை. பேசாமல் இருப்பது இங்கே ஒரு ஒழுங்கு. எல்லோரும் அதற்குப் பழகியவர்கள்.

அந்தத் தவணைப் பொருளியல் பரீட்சையில் நிப்ராஸ் முழுப்புள்ளி எடுத்தான். அதற்கு முன் அவன் பாதிக்கு மேல் எடுத்ததில்லை. தாள் பரீட்சைக்கு முந்திய நாளே வெளியே போய்விட்டது என்று ஒரு கதை கிளம்பியது. தாள்கள் அலுவலக அலுமாரியில் இருந்தன. அந்த முந்திய நாள் காலை நிப்ராஸ் தனியாக அலுவலகத்துக்குள் போய்ப் புரொஜெக்டரை எடுத்து வந்ததை அதிபரே கண்டிருந்தார்.

"நிப்ராஸை நிப்பாட்டப் போறன்," என்று அதிபர் எனக்குச் சொன்னார். "திங்கட்கிழமை தகப்பனை வரச் சொல்லியிருக்கு."

"அவன் ஒத்துக்கொண்டானோ?"

"ஒத்துக்கொள்ளுற பிள்ளையை நான் இந்தப் பள்ளிக்கூடத்தில இன்னும் காணேல்லை."

ஓர் அமெரிக்கக் கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்திருந்தது. டிப்ளோமா வந்தால்தான் அந்த இடம். இலங்கைப் பாடத்திட்டத்தை அவன் விட்டு வெகுகாலம். இங்கிருந்து நிறுத்தினால் அவன் கையில் எந்தச் சான்றிதழும் இருக்காது. படகுக்குத்தான் போக வேண்டும். படகுக்குப் போவது கேவலமில்லை. ஆனால் அவன் அதைத் தெரிந்தெடுக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் நான் எடுக்க வேண்டியிருந்தது ஜூரி பற்றிய அத்தியாயம். பாதியில் றொஷான் என்ற பையன் கையை உயர்த்தினான். வகுப்பின் வாய் அவன்தான்.

"சேர், புத்தகத்தில வங்கி கொள்ளையடிச்சவனுக்கு வழக்கறிஞர் இருக்கு, ஜூரி இருக்கு, சாட்சி இருக்கு. நிப்ராஸுக்குத் தகப்பனை வரச் சொல்லி ஒரு கடிதம் மட்டும். நாங்கள் இதை என்னத்துக்குப் படிக்கிறம்?"

இப்படியான நேரத்தில், அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். பெரும்பாலான நாட்களில் நான் அதைத்தான் செய்வேன். அன்று அப்படிச் சொன்னால் மீதி வருடம் முழுக்க ஒருவரும் என் வாயை நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அதிபரிடம் போய்க் கேட்டேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"பிள்ளையள் விசாரிக்கட்டும். குற்றச்சாட்டை நான் வந்து சொல்லுறன். முடிவும் என்ர. ஆனா காரணம் நல்லா இருந்தாக் காது குடுத்துக் கேப்பன்."

வழக்குத் தொடுப்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று றொஷான் அவருக்கே சொன்னான்.

"அது அமெரிக்காவில," என்றார் அதிபர்.

வகுப்பு சிறியது. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி ஏலாது. புளோரிடாவில் பல வழக்குகளுக்கு ஆறு பேர் போதும். அதனால் ஆறு என்று வைத்தோம். ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

ஆட்களைத் தெரிவுசெய்வது எப்படி என்று எனக்கு நேரடியாகவே தெரியும். என்னையும் ஒரு முறை அங்கே ஜூரிக்குக் கூப்பிட்டார்கள். கொள்ளை வழக்கு. நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் அதற்கு முந்திய வருடம் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிக் காசு முழுவதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன், வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் வழக்கறிஞர் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கோபம் இருப்பவரையும் உறவு இருப்பவரையும் எடுப்பதில்லை. அதைத்தான் பிள்ளைகளுக்கும் சொன்னேன். நிப்ராஸோடு தொடர்பு இருப்பவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்றேன்.

ஒருத்தி எழுந்தாள். "சேர், இவர் எங்கட மாமிட மகன்."

அடுத்தவன், "எங்கட கடைக்குக் கருவாடு போடுறது இவன்ட வாப்பாதான்."

அடுத்தவன், "எங்கட அண்ணா அவையளின்ர படகிலதான் போறவர்."

நிப்ராஸுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் இர்ஷாத், "நான் இவன்ட சாப்பாட்டைத்தான் சேர் சாப்பிடுற. இவன் போனா நான் பட்டினி."

றொஷான் எழுந்து, "எனக்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனா இவனை நிப்பாட்டினா எங்கட டீமில பந்து போட ஆளில்லை," என்றான்.

இப்படியே போனது. புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஜூரியை இந்த ஊரில் கூட்ட ஏலாது என்பது அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. கடைசியில் தர்சிகா எழுந்தாள்.

"எனக்குச் சொந்தமுமில்லை, கொடுக்கல் வாங்கலுமில்லை. கோபம் இருக்கு."

"அப்ப நீ இருக்க ஏலாது, பிள்ளை."

"ஓம், தெரியும். அதுதான் சொன்னனான்." அவள் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

அப்போது நிப்ராஸ் எழுந்தான். அதுவரை அவன் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், அவ ஜூரியில இருக்கட்டும். மத்தாக்கள எழும்பச் சொல்லுங்க."

இர்ஷாத் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய் மச்சான், ஒனக்கென்ன பைத்தியமா?"

"நீ என்னப் பிழையில்லையெண்டு சொன்னா மெடம் சிரிப்பாங்க. நீ சொல்லுவாயெண்டு எல்லாருக்கும் தெரியுந்தானே. அவ சொன்னாத்தான் அது ஒரு சொல்."

"அவ சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் எப்பிடியும் போறதானே."

தர்சிகா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய காது சிவந்திருந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அதிபர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். கீழே துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சேர், யோசிச்சுத்தான் செய்யுறீங்களோ? அந்தப் பிள்ளை குற்றம் எண்டு சொன்னா, இது பரீட்சைத் தாள் கதையா இருக்காது. சல்லியாக்கள் சேர்ந்து கிண்ணியாப் பெடியனைக் கலைச்சுப்போட்டாங்கள் எண்டுதான் பின்னேரம் மீன் சந்தைக்குப் போகும். பிறகு நீங்களும் நானும் ஆருக்கு என்னத்தை விளங்கப்படுத்துறது?"

அவர் சொன்னது சரி. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இந்த மாவட்டத்தில் ஒரு சின்ன விசயம் எந்தப் பெயரோடு வெளியே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை அவர் என்னை விட நன்றாகக் கண்டவர். மறுபக்கம், அவளை எழுப்பிவிட்டால் மிஞ்சுவது மைத்துனியும் கூட்டாளியும் கருவாட்டுக் கடைக்காரரின் மகனும். அவர்கள் சொல்லும் தீர்ப்புக்கு அவனுடைய கணக்கிலேயே பெறுமதி இல்லை. பெறுமதி எதில் இருக்கிறது என்பதை அவன் என்னை விட விரைவாகக் கண்டுபிடித்திருந்தான். தண்டனையைச் சுமக்கப்போவதும் அவன்தான். அதனால் அவன் கேட்டதைக் கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். புத்தகத்தில் ஜூரி காரணம் சொல்வதில்லை. இங்கே ஒவ்வொருவரும் எழுந்து, நிப்ராஸின் முகத்தைப் பார்த்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். வெளியே கதை போகும்போது காரணமும் சேர்ந்து போகட்டும் என்று நினைத்தேன்.

நூலக அறையில் கதிரைகளைப் போட்டோம். தர்சிகாவும், நிப்ராஸோடு தொடர்பு குறைந்த மற்ற ஐந்து பேரும் ஜூரி. றொஷானும் அதில் ஒருவன். கிரிக்கெட் ஓர் உறவில்லை என்று தீர்மானித்தோம்.

அதிபர் மூன்று விசயம் சொன்னார். தாள் வெளியே போனதாகக் கதை. நிப்ராஸ் தனியாக அலுவலகத்துக்குள் போனது. முன்பு இல்லாத புள்ளி. ஒன்றையும் கூட்டவில்லை. நேர்மையான ஆள்.

அலுவலகத்தில் வேலை செய்யும் சாந்தி அக்காவைக் கூப்பிட்டு இருத்தினோம். அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அலுமாரி பூட்டியிருந்ததோ?" என்று கேட்டாள் தர்சிகா.

"நான் எப்பவும் பூட்டுறனான்."

"அண்டைக்கும் பூட்டினனீங்களோ?"

"எப்பவும் பூட்டுறனான் எண்டு சொல்லுறனே, பிள்ளை."

"அண்டைக்கு?"

சாந்தி அக்கா அதிபரைப் பார்த்தார். அதிபர் யன்னலைப் பார்த்தார்.

"அண்டைக்கு ஞாபகமில்லை," என்றார் சாந்தி அக்கா. பிறகு தானாகவே, "அவன் வெளிய வரேக்க ரெண்டு கையாலயும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தவன். கதவைத் திறந்து விட்டது நான்," என்று சேர்த்தார்.

"தாளைச் சட்டைக்குள்ள வச்சிருக்கலாம். போனால படம் எடுத்திருக்கலாம்," என்றாள் தர்சிகா.

"ஓம், அதுவும் ஏலும்," என்றார் சாந்தி அக்கா பாவமாக.

அடுத்ததாக நிப்ராஸ். வகுப்பில் நடந்த அந்த வாக்குவாதத்துக்குப் பிறகு தர்சிகா அவனோடு முதல் தடவையாகப் பேசினாள்.

"எப்பிடி முழுப்புள்ளி வந்தது?"

"படிச்ச."

"முதல் படிக்கேல்லையோ?"

"இல்ல."

"பிறகேன் திடீரெண்டு படிச்சனீ?"

அவன் பதில் சொல்ல நேரம் எடுத்தான். "நீ அண்டைக்கு வகுப்பில கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரல்ல. எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்த. வீட்ட போய் அந்த அத்தியாயத்தப் படிச்ச. அதுக்கு முந்தினது விளங்காம இது விளங்காது. அதால அதையும் படிச்ச."

ஒருவரும் சிரிக்கவில்லை. தர்சிகா பேனையை எடுத்து அவனிடம் நீட்டினாள். பிறகு வெண்பலகையைக் காட்டினாள்.

"அப்ப கீறிக் காட்டு. பரீட்சையில வந்த மாதிரி."

அவன் போய்க் கீறினான். வாங்குபவரின் கேள்விக்கோடு, விற்பவரின் நிரம்பல்கோடு, இரண்டும் சந்திக்கும் விலை. அதுவரை சரி. மூன்றாம் ஆளின் செலவையும் சேர்த்து இரண்டாவது நிரம்பல்கோட்டைக் கீற வேண்டிய இடத்தில், அதைப் பிழையான பக்கத்துக்குத் தள்ளிக் கீறினான். பேனை கையில் நடுங்கியது. தானே கண்டுவிட்டான். ஆனால் அழிக்கவில்லை.

"பரீட்சையில இதைச் சரியாக் கீறியிருக்கிறான்," என்றார் அதிபர் மெதுவாக.

ஜூரி பக்கத்து அறைக்குப் போனது. இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. குரல்கள் எங்களுக்குக் கேட்டன. அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிப்ராஸும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அஞ்சு பேர் விடச் சொல்லுறம். தர்சி, நீயும் சொன்னா முடிஞ்சுது." இது றொஷான்.

"என்னத்துக்கு விடுறது?"

"பாவமடி."

"பாவத்துக்கு விடுறதெண்டா ஜூரி என்னத்துக்கு? கோயிலுக்கு நேர்ந்த கடா மாதிரி அவிட்டு விடலாமே. மெடம் ஏனெண்டு கேப்பா. நீங்கள் அஞ்சு பேரும் என்ன சொல்லப் போறியள்? நல்ல பெடியன் எண்டோ?"

"அப்ப நீ குற்றம் எண்டுறியோ?"

"வாயை மூடு, யோசிக்கிறன்."

வெகுநேரம் சத்தமில்லை. இர்ஷாத் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நிப்ராஸ் கதிரையில் நேராக இருந்தான். அவனுடைய கல்லூரியும் டிப்ளோமாவும் அந்தச் சுவருக்கு அங்கால், அவனைப் பிடிக்காத ஒருத்தியின் யோசனையில் இருந்தன. அவர்களைக் கூப்பிட்டு அவசரப்படுத்தலாமா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. பேசாமல் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் அதிகம் விடும் பிழை, அமைதியைக் கண்டதும் அதை நிரப்பப் பார்ப்பது.

அவர்கள் வந்தார்கள். ஐந்து பேரும் ஏதோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தர்சிகா கடைசியாக எழுந்து, நிபந்தனைப்படி, நிப்ராஸைப் பார்த்து நின்றாள்.

"நீ எடுக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. எடுத்திருப்பாய் எண்டுதான் நினைக்கிறன். ஆனா எனக்கு உன்னைப் பிடிக்காது. உங்கட வாப்பான்ர வலையும் பிடிக்காது. அந்தக் கோபத்தைக் கழிச்சுப்போட்டு மிச்சம் என்ன இருக்கெண்டு பாத்தன். அலுமாரி பூட்டினதோ தெரியாது. நீ தாளைத் தொட்டதை ஒருத்தரும் காணேல்லை. பலகையில ஒண்டு பிழைச்சுது, கை நடுங்கினதாலயும் பிழைக்கும், களவெடுத்ததாலயும் பிழைக்கும். எது எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. கோபத்தை எடுத்துப்போட்டா கையில ஒண்டுமில்லை. ஒண்டுமில்லாததை வச்சு ஒருத்தனைக் கலைக்க ஏலாது."

பிறகு அதிபரின் பக்கம் திரும்பினாள். "குற்றம் காட்டப்படேல்லை, மெடம்."

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நினைத்திருந்தால், கேட்டுக்கொண்டேன், முடிவு மாறாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரம் அவரிடம் இருந்தது.

"தகப்பன் திங்கட்கிழமை வரத் தேவையில்லை," என்றார். "ஆனா தாள் வெளிய போனதாக் கதை இருக்கு. அதால எல்லாரும் புதுத்தாளில திரும்ப எழுதுங்கோ."

வகுப்பு முழுவதும் ஐயோ என்றது. தர்சிகாவும் சேர்த்து. முதல் தாளில் அவள் நல்ல புள்ளி எடுத்திருந்தாள்.

புதுத்தாளில் நிப்ராஸ் முழுப்புள்ளி எடுக்கவில்லை. நன்றாகச் சித்தியடைந்தான். அதை வைத்து நீங்கள் எந்தப் பக்கமும் வாதாடலாம். முதல் தாளை அவன் எடுத்தானா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தர்சிகா சிரமப்பட்டுச் செய்த வேலையை நான் குழப்பியிருப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையைவிட, தெரியாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் இந்தப் பாடம். அமெரிக்கா அதற்கு வெறும் சாட்டு.

விசாரணை நடந்த வாரம் சனிக்கிழமை, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் சுருக்குவலைக்கு எதிராகச் சல்லி, சாம்பல்தீவு ஆட்கள் நின்றார்கள். தர்சிகா சுலோகம் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். வீதியின் மறுபக்கம் சுருக்குவலைக்காரர்கள் நின்றார்கள். நிப்ராஸ் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றான். நடுவில் பொலிஸார். நான் மரக்கறி வாங்கிக்கொண்டு அந்த வழியால் போனேன். மீன் பிரச்சினை அன்று தீரவில்லை. இன்றும் தீரவில்லை.

ஆனால் விசாரணை நடந்த அன்று பின்னேரம், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றபோது, நிப்ராஸ் வாசலடியில் தர்சிகாவுக்குக் கிட்டப் போனான். நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அவன் வாயைத் திறக்க முன்பே அவள் கையை உயர்த்தினாள்.

"நன்றி கின்றி சொல்லிப்போடாத. உனக்காக நான் செய்யேல்லை."

"தெரியும்," என்றான் நிப்ராஸ். "அதுக்காகத்தானே உன்னக் கேட்டனான்."